தலைக்கு அளவெடுத்த தொப்பி

மெதுவா தம்பி, மெதுவா. சாக்கு மேல கைய ஊனிடாதீங்க. ஐயையோ, உங்களைக் குத்தம் சொல்லல, இந்த டிரைவரு ஓட்டுற ஓட்டு அப்படி. ஒரு பள்ளத்தையும் விட்டு வைக்க மாட்டேங்குறான். நான்தான் மடியில வச்சுக்கணும், ஆனா மடியில வச்சா காலு மரத்துப்போகுது. நீங்க கை குடுத்துத் தூக்கி விட்டீங்களே, கனம் தெரிஞ்சிருக்குமே.

என்னன்னு கேக்க மாட்டேங்குறீங்க, ஆனா கண்ணு மட்டும் அங்கயே போகுது. பாருங்க, இதுல என்ன இருக்கு. சாக்கு வாயைக் கொஞ்சம் பிரிக்கிறேன். பித்தளைதான். பானை இல்ல தம்பி. கண்டக்டரும் பொங்கப்பானையான்னுதான் கேட்டான். இது தலைக்கவசம். ரோமாபுரிச் சேவகன் தலையில வைக்கிறது. இந்தாப் பாருங்க, ரெண்டு கன்னத்தையும் மறைக்க ரெண்டு மடல். பின்னால பிடரிக்கு ஒரு தகடு. உச்சியில செவப்பா நிக்குதுல்ல, அது பனந்தும்பு. பிரஷுக்குப் போடுற அதே தும்புதான், சாயத்துல முக்கினது. குதிரை மசுருன்னு நெனச்சு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் தடவித் தடவிப் பாத்தாரு. நான் ஒண்ணும் சொல்லலையே. நெனச்சுக்கிட்டுப் போகட்டும்.

பேரு சிங்கராயர். தகரப் பட்டறை வச்சிருக்கேன். மழைத்தண்ணித் தூம்பு, மிட்டாய்க்கடைத் தட்டு, கோயில் உண்டியல், கதவு, எல்லாம் செய்யிறதுதான். வேலைக்குப் பஞ்சமே இல்ல. ஆனா சிங்கராயருன்னா வெளியூர்க்காரனுக்குத் தெரியிறது இந்தத் தொப்பியாலதான். பாஸ்கா பாத்திருக்கீங்களா? நீங்க எந்தக் கோயிலுக்குப் போறவரோ தெரியல, அதான் கேக்குறேன். பெரிய வெள்ளிக்கிழமை ஏசுசாமியப் பிடிச்சு, அடிச்சு, சிலுவையில அறையிறத ஊரே சேந்து நடிக்கும். எங்க ஊரு பாஸ்கான்னா சுத்துப்பட்டுல அத்தனை சனமும் மதியத்துலயே வந்து எடம் பிடிக்கும். என்னத்தப் பாக்க வருது? ஏசுசாமிய எந்த ஊருலயும் பாக்கலாம். எங்க ஊரு சேவகர் வரிசை வெயில்ல மினுங்கிக்கிட்டு வரும் பாருங்க, அது எங்கயும் கிடையாது.

மொத மொதல்ல இதச் செய்யச் சொன்னப்ப எனக்கு மாதிரி காட்ட ஆளு கிடையாது. கோயில் சுவத்துல சிலுவைப்பாதைப் படம் மாட்டியிருக்கும்ல, அதப் பாத்துத்தான் அடிச்சேன். அந்தப் படத்துல சேவகனுங்க எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி நிப்பானுங்க. ஒரு கன்னந்தான் தெரியும். நானும் ஒரு கன்னத்துக்கு மட்டும் மடல் வச்சு அத்தனை தொப்பியையும் அடிச்சு முடிச்சுட்டேன். மறு கன்னம் மொட்டை. அந்த வெள்ளைக்காரச் சாமியார் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இதுல சிரிக்க என்ன இருக்கு? சனம் நிக்கிறது ஒரு பக்கந்தானே, தெரியிற பக்கம் சரியா இருந்தாப் போதும் சாமின்னேன். அடுத்த வருசம் மறுபக்கத்துக்கும் வச்சுட்டேன், அது வேற விசயம். ஆனா நான் செஞ்சது தப்புன்னு மட்டும் ஒத்துக்கல.

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்கு குடுங்க. அண்ணாந்துதான் குடிப்பேன். ஆங். நல்லா இருங்க.

இத அடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. தகட்ட வட்டமா வெட்டி, நெருப்புல பழுக்கக் காய்ச்சி, மரக்கட்டையில குடைஞ்ச குழியில வச்சு, கொட்டாப்புளியால, அதான் மரச்சுத்தியலால தட்டணும். ஒரே எடத்துல தட்டினா வெடிச்சுரும். சுத்திச் சுத்தித் தட்டணும். திரும்பக் காய்ச்சணும், திரும்பத் தட்டணும். அதெல்லாம்கூட கை பழகினா வந்துரும். அளவுதான் வராது. தலைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. ஒருத்தனுக்குப் பின்மண்டை தட்டையா இருக்கும். ஒருத்தனுக்குக் காதுக்கு மேல பொடைச்சிருக்கும். எங்க மச்சான் ஞானாதிக்கத்துக்கு நடு மண்டையில ஒரு பள்ளம், சின்ன வயசுல கெணத்துப் படியில விழுந்தது. அதுக்குத் தக்கன உள்ள துணி வச்சுத் தச்சுக் குடுத்தேன். உங்களுக்குப் பாருங்க, நெத்தி நல்லா ஏறி, பின்மண்டை உருண்டு, நல்ல தலை. நான் பஸ்சுல ஏறும்போதே பாத்தேன். எனக்கு அது ஒரு பழக்கம்.

எங்க ஊருல அதுக்கு ஒரு முறை இருக்கு. விபூதிப் புதன்கிழமை பூசை முடிஞ்சு, நெத்தியில சாம்பலோட, சேவகர் வேசம் போடுறவங்க நேரா என் பட்டறைக்கு வருவாங்க. வந்து முக்காலியில உக்காருவாங்க. நான் இந்த நூல எடுத்து, இந்தாப் பாருங்க, சட்டைப்பையிலயே வச்சிருக்கேன், மெழுகு தடவின கறுப்பு நூலு, இத எடுத்து நெத்தியச் சுத்தி ஒரு சுத்து சுத்துவேன். நெத்தியிலேருந்து பிடரிக்கு ஒரு ஓட்டம். காதுலேருந்து காதுக்கு ஒரு ஓட்டம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு. தலைய ரெண்டு கையிலயும் பிடிச்சு அமுக்கிப் பாத்துத்தான் முடிச்சு போடுவேன். அப்புறம் அந்த அளவு நூல வெட்டி, தொப்பிக்குள்ள துணிக்கு அடியில வச்சுத் தச்சுருவேன். நாளைக்கே இது யாரு தொப்பின்னு தகராறு வந்தா, நூலப் பிரிச்சு தலையில சுத்திப் பாத்தாப் போதும். முடிச்சு பொய் சொல்லாது.

அப்பனால நிக்க முடியலன்னா அடுத்து மவன் வருவான். அப்பன் தொப்பிய நெருப்புல காட்டி மவன் தலைக்கு விரிச்சுக் குடுப்பேன். தொப்பி எந்த வீட்டுப் பரண்ல இருக்கோ அந்த வீட்டுக்குத்தான் சேவகர் வேசம். இது எவனும் போட்ட சட்டம் இல்ல. அதுவா அப்படி அமைஞ்சுபோச்சு. சண்டை கிடையாது, போட்டி கிடையாது. எவ்வளவு ஒழுங்கு பாருங்க.

இதுக்குத்தான் கண்ணு பட்டுச்சு.

பெலவேந்திரன்னு ஒரு பய. கீழத்தெருவு. கோயிலுக்குக் கிழக்க, வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கிறவங்க. புரியுதுல்ல? அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல. நல்ல பயதான், நான் இல்லைங்கல. பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருக்கான். என் மவன் பெர்க்மான்சோட ஒண்ணாப் படிச்சவன். எனக்கு அவங்க மேல ஒரு வித்தியாசமும் கிடையாது தம்பி. அவங்க தெருவுல எத்தனை வீட்டுக்குத் தகரக் கதவு அடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா? அளவெடுக்க நானே நேருல போயிருக்கேன். வெளிய நின்னுதான், கதவுக்கு வெளிய நின்னாலே அளவு எடுத்துறலாமே.

அவன் ஒரு விபூதிப் புதன்கிழமை வந்து வரிசையில நிக்கிறான். மொற வந்ததும் முக்காலியில உக்காந்துட்டான். அய்யா எனக்கும் அளவெடுங்கங்குறான். பட்டறையில நின்னவங்க எல்லாரும் எங்க பக்கம் திரும்பிட்டாங்க. நான் என்ன செய்யிறது சொல்லுங்க. நூலக் காணோம்டான்னேன். உங்க தோள்லயே கிடக்கே அய்யான்னான். அது வேற நூலுடான்னேன். அந்த நேரத்துக்கு வாயில வந்தது அது. அவன் என் மூஞ்சியப் பாத்தான். அப்புறம் எந்திரிச்சு, கைக்குட்டைய எடுத்து அந்த முக்காலிய நல்லாத் தொடச்சு விட்டுட்டுப் போனான். அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பய. அதையும் சொல்லணும்ல.

அடுத்த வருசமும் வந்தான். தகடு தீந்துபோச்சு, மதுரையிலேருந்து வரலன்னேன். அதுக்கடுத்த வருசமும் வந்தான். உன் தலை அளவுக்கு எங்கிட்ட மரக்குழி இல்லப்பான்னேன். வருசா வருசம் என் நேரம், ஏதாவது ஒரு தடங்கல். வேணும்னு யாராவது செய்வாங்களா? ஆனா ஊருல என்ன பேசுனானுங்க தெரியுமா? சிங்கராயரு வேணும்னே செய்யிறாருன்னு. என் மவனே அதத்தான் சொன்னான். வெளியாள விடுங்க, சோறு போட்டு வளத்த மவன்.

இந்த வருசம் புதுசா ஒரு சாமியார் வந்தாரு. சின்ன வயசு. பேண்ட்டு சட்டை போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல போறவரு. வந்த வேகத்துல பாஸ்காக் கூட்டம் போட்டாரு. நூற்றுவர் தலைவன்னு ஒரு வேசம் உண்டு, சேவகர் எல்லாருக்கும் தலைவன். அது எங்க மச்சான் ஞானாதிக்கம் வீட்டு வேசம். அவருக்குக் கொஞ்சம் குரல் கம்மி. முன்னால உக்காந்திருக்கிற பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் கேக்கும். கேக்காட்டி என்ன, தொப்பியப் பாத்தாத் தெரியாதா யாருன்னு? அந்தச் சாமியார் சொல்றாரு, இந்த வருசம் பெலவேந்திரன் நிக்கட்டும், குரல் நல்லாயிருக்கு, சிங்கராயர் நீங்க தொப்பி செஞ்சிருங்கன்னு. எல்லாரும் என்னப் பாக்குறாங்க. செய்யலாம் சாமி, நாளு பத்தாதேன்னேன். தவக்காலம் அப்பத்தான் ஆரம்பிச்சிருந்துச்சு, பெரிய வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாசத்துக்கு மேல கிடந்துச்சு, இருந்தாலும் நமக்கு வேற வேலை இருக்காதா?

பெர்க்மான்சு எந்திரிச்சான். நாளு பத்தலன்னா விட்டுருங்கப்பா, நான் வெளியில சொல்லி வரவழைக்கிறேங்குறான். அவ்வளவு பேருக்கு முன்னால. ஃபோனத் தடவிக்கிட்டே சொல்றான். அவனுக்கு மட்டுமில்ல, எல்லாருக்குமே புதுசு வரவழைக்கிறேன், ஒரே மாதிரி இருக்கட்டும்னுட்டான். சாமியார் தலைய ஆட்டுறாரு.

பெட்டி பெட்டியா வந்து கோயில் வாசல்ல எறங்குச்சு. வடக்க எங்கயோ மிசினுல அமுக்கி அமுக்கித் தள்றானாம். போயிப் பாத்தேன். பாக்காம இருக்க முடியுமா? தகடு சோத்து மூடி கனம்கூட இல்ல. மேல தங்க நெறத்துல பூச்சு, நகத்தால சொரண்டினா வருது. நான் சொரண்டிப் பாத்தேன். உச்சியில மசுரு நைலானு. அதக்கூட விட்டுறலாம் தம்பி. உள்ள பாத்தீங்கன்னா ஒரு வாரு, பின்னால ஒரு திருகு. திருகினா இறுகுது, விட்டா தளருது. சின்னத் தலையா, நிக்குது. பெரிய தலையா, நிக்குது. எவன் எடுத்து வச்சாலும் நிக்குது தம்பி! இவன் தலை அவன் தலைன்னு கிடையாது. ஒரு பொருளுன்னா அதுக்குன்னு ஒரு மட்டு மரியாதை வேணாமா? யாரு வேணாலும் வச்சுக்கன்னா அது என்ன தொப்பி?

பெரிய வெள்ளிக்கிழமை காலையிலயே நான் என் தொப்பிய எல்லாம் வீடு வீடா வாங்கி, புளி போட்டுத் தேச்சு, சாமியார் பூசை உடுப்பு மாத்துற சக்ரீஸ்து அறைப் படிக்கட்டுல வரிசையா அடுக்கி வச்சேன். அப்படி மின்னுது. பயலுக வந்தானுங்க. பாத்தானுங்க. நல்லாயிருக்கு மாமான்னானுங்க. கனமா இருக்கு மாமா, போன வருசம் நெத்தியெல்லாம் காயம்னானுங்க. பெட்டியத் தொறந்து அந்தத் தகர டப்பாவ எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. பெர்க்மான்சுக்கு நான் அடிச்ச தொப்பிதான் இருக்கிறதுலயே நல்ல தொப்பி. அவன் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே இந்தத் தலைக்கு ஒரு நாள் அடிக்கணும்னு நெனச்சு அடிச்சது. அதத் தாண்டிப் போனான். குனிஞ்சுகூடப் பாக்கல. ஞானாதிக்கம் மட்டும் வந்து தன் தொப்பிய எடுத்துத் தலையில வச்சுக்கிட்டாரு. அவருக்கு வேசம் இல்ல. சும்மா தொப்பியோட கூட்டத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாரு பாவம், சின்னப் பிள்ளைங்க எல்லாம் அவரச் சுத்தி நின்னு வேடிக்கை பாக்குது.

நான் எதுக்கு நின்னேன்னு உண்மையச் சொல்லிடுறேன். அந்தப் பய தொப்பி நழுவி மூக்குல விழும், சனம் சிரிக்கும், அதப் பாக்கத்தான் நின்னேன். ஒரு பயலுக்கு நைலான் மசுரு பிச்சுக்கிட்டு விழுந்துச்சு. நான் கைதட்டிச் சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கல. சாமியாரு திரும்பிப் பாத்தாரு.

கடைசியில நூற்றுவர் தலைவன் சிலுவை அடிக்கு வந்து, தொப்பியக் கழட்டிக் கீழ வச்சு, மண்டி போட்டு, மேல பாத்து, மெய்யாவே இவர் கடவுளோட மகன்னு ஒரு வார்த்தை சொல்லணும். பாஸ்காவுக்கு உயிரே அதுலதான். எங்க மச்சான் தொப்பியக் கழட்ட மாட்டாரு. கழட்டினா பள்ளம் தெரியும். இத்தனை வருசமா நாங்க அதத் தொப்பியோடதான் பாத்திருக்கோம். இவன் கழட்டினான். ரெண்டு கையாலயும் மெதுவாக் கழட்டிக் கீழ வச்சான். வெறுந்தலையோட அண்ணாந்து அந்த வார்த்தையச் சொன்னான். மைக்கே இல்ல. ரோட்டுல டீக்கடையில நின்னவனுக்கும் கேட்டுச்சாம். சனம் மொத்தமும் அழுவுது. மேலத்தெருவு, கீழத்தெருவு எல்லாம் ஒண்ணா அழுவுது. எம் பொண்டாட்டி வியாகுலம் பக்கத்துல நின்னுக்கிட்டு முந்தானைய வாயில பொத்தித் தேம்புறா.

எனக்கு அந்தத் தொப்பி தரையில பட்ட சத்தந்தான் கேட்டுச்சு. டப்புன்னு, எண்ணெய் டின்னு மாதிரி. நம்ம பித்தளையா இருந்தா கணீர்னு கேக்கும். அத வியாகுலத்துக்கிட்டச் சொன்னேன். கேட்டியா, டின்னு சத்தம்னேன். அவ முந்தானைய எடுத்துட்டு என்னத் திரும்பிப் பாத்தா. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவ என்ன அப்படிப் பாத்ததில்ல.

ஈஸ்டர் அன்னைக்கு எல்லாரும் எலை போட்டு உக்காந்திருக்கோம். பேத்தி என் மடியில. நான் பேச்சுவாக்குலதான் சொன்னேன், அந்த டப்பாவ எல்லாம் எடைக்குப் போட்டுரு பெர்க்மான்சு, அடுத்த வருசம் நம்ம தொப்பியவே போடுங்கன்னு. அவன் கேக்குறான், அடுத்த வருசம் பெலவேந்திரன் தலைக்கு அளவெடுப்பீங்களான்னு. பாக்கலாம்னேன். கையில எடுத்த சோத்த எலையிலயே போட்டான்.

"அப்பா, உங்க நூலு எந்தெந்தத் தலையச் சுத்துச்சு, எந்தத் தலையச் சுத்தலன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியல. நான் அந்தத் தகர டப்பாவ ஏன் வாங்கினேன்னு நெனைக்கிறீங்க? அழகா இருக்குன்னா? அதுல திருகு இருக்கு. அதத் திருக அடுத்தவன் கை தேவையில்ல."

கேட்டீங்களா பேச்ச? பெத்த அப்பன்கிட்ட. நான் என்னடா அவனக் கொலையா பண்ணிட்டேன்னேன். அவன் எந்திரிச்சுக் கை கழுவிட்டான். தெனமும் ஊருலேருந்துதான் திருச்சிக்கு வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டிருந்தான். அந்த வாரமே அங்க வீடு பாத்து, மருமவளையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். போறப்ப வாசல்ல நின்னு சொன்னான், பெலவேந்திரனக் கூப்பிட்டு அந்த முக்காலியில உக்கார வச்சு, உங்க கையால அவன் தலைய அளந்து, ஒரு தொப்பி அடிச்சுக் கொண்டாங்க, அன்னைக்கு நாங்க எல்லாம் திரும்பி வர்றோம்னு. எனக்கு நிபந்தனை போடுறான்.

ரெண்டு மாசம் கழிச்சு வியாகுலமும் கிளம்பிட்டா. பேத்தியப் பாக்கப் போறேன்னு போனவதான். வரல. போறப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. நூலு பட்டறை ஆணியிலதான் தொங்குதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா.

வீடு வெறிச்சோடிக் கிடக்கு தம்பி. ரெண்டு வேளை கடையில இட்லி. அந்தக் குட்டி என் கட்டைவிரலப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கவே பழகுச்சு. பட்டறையில ஏதாவது விழுந்து உருண்டா அதுதான் வந்துருச்சோன்னு திரும்பிப் பாக்குறேன். யாருக்கு எம்மேல என்ன கோவம் இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு அவங்க திரும்பி வரணும். வேற எதுவும் வேணாம்.

அதான் செஞ்சுட்டேன். ஆமா, இந்தத் தொப்பி அந்தப் பெலவேந்திரனுக்குத்தான்! பாருங்க, எவ்வளவு எறங்கி வந்திருக்கேன் நான். யாரு செய்வா? எங்க மச்சானுக்கு அடிச்சத விட ஒரு படி மேலதான் இது. வெளிம்புல கம்பி வச்சு மடிச்சிருக்கேன், தடவிப் பாருங்க.

அளவா? அளவு எடுத்தேன். கண்ணால எடுத்தேன். ஞாயித்துக்கிழமை பூசையில அவன் முன்னால நிப்பான், நான் தூணுக்குப் பக்கத்துல பின்னால நிப்பேன். நாலஞ்சு வாரம் பாத்தேன். இத்தனை வருசம் தலைய அளந்தவன், எனக்குத் தொட்டுத்தான் தெரியணுமா? முக்காலியில உக்கார வச்சுப் பிடிச்சாத்தான் அளவா? வேலை முக்கியமா, தொடுறது முக்கியமா? இதெல்லாம் இந்தக் காலத்துப் பயலுகளோட வீம்பு.

ஆனா ஒண்ணு இருக்கு. பின்னால நின்னு பாத்தா நெத்தி தெரியாது. அதோட பெர்க்மான்சு யாரு, எம் மவன். திருச்சியில இத நான் குடுத்த ஒடனே உள்துணியப் பிரிச்சு நூலத்தான் தேடுவான். பெலவேந்திரனும் இன்னைக்கு அங்க பெர்க்மான்சு வீட்டுக்குத்தான் போயிருக்கானாம். தலையில சுத்திப் பாத்துருவானுங்க. உள்ள நூலு இல்லன்னா நான் அளக்கலன்னு தெரிஞ்சுபோகும். முடிச்சு எடம் மாறி இருந்தாலும் தெரிஞ்சுபோகும். அத நெனச்சாத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. போற வழியில என்ன செய்யிறதுன்னு யோசிச்சுக்கிட்டே ஏறினேன். ஏறினா, நீங்க நிக்கிறீங்க. கடவுளாப் பாத்து அனுப்பின மாதிரி.

ஒரு உதவி செய்யிறீங்களா தம்பி? உங்க தலையும் அவன் தலையும் அச்சா ஒண்ணு. ஏறும்போதே பாத்தேன்னு சொன்னேன்ல. உங்க தலையில நூலச் சுத்தி முடிச்சு போட்டுக்கிறேன். அதத் தொப்பிக்குள்ள வச்சுத் தச்சுட்டா முடிஞ்சுபோச்சு. ஊசி கொண்டாந்திருக்கேன். எவன் பிரிச்சுப் பாத்தாலும் சரியா இருக்கும். பொய்யா? இதுல என்ன பொய். அளவு அளவுதானே. ஒரு குடும்பம் ஒண்ணு சேருது தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

குனிய வேணாம், அப்படியே இருங்க. இந்தா, நூல எடுத்துட்டேன். முடியக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறேன். இவ்வளவு நேரமாப் பேசிக்கிட்டு வர்றோம், எந்த ஊருன்னு கேக்கவே இல்ல பாருங்க. அட, அங்கயா? எனக்கு நல்லாத் தெரியுமே. மளிகைக்கடை ராயப்பன் நமக்கு ஒறவுதான். அவரு வீட்டுப் பக்கமா நீங்க? இல்லையா. கோயிலுக்குப் பின்னாலயா? அதுவும் இல்லையா. ரேஷன் கடையத் தாண்டி... ஓடைக்கு அந்தாண்ட.

ஓ.

சரி சரி. நல்லது. அங்கயும் நல்லாப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் இருக்காங்கன்னு ராயப்பன் சொல்லுவாரு. நீ என்ன வேலை பாக்குறே? சந்தோசம்ப்பா, சந்தோசம். நல்லா இருக்கணும்.

இல்ல, தலைய நிமித்திக்க. பஸ்சு ரொம்ப ஆடுது, முடிச்சு சரியா விழாது. பஸ் ஸ்டாண்டே வரப்போகுது, அங்க எறங்கிப் பாத்துக்கலாம். இல்லப்பா, தண்ணி வேணாம். மொதல்ல குடிச்சதே போதும். சாக்க நானே தூக்கிக்கிறேன், நீ பிடிக்க வேணாம். அதோட, நூலையும் எங்கயோ விட்டுட்டேன் போல. காணோம்.

எது? கையிலயா?

இது வேற நூலு.